ஆயிரம் அடிக்குக் கீழே யாருடைய தண்ணீர்?

இன்றைய எபிசோடை ஒரு ரேட் கார்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் போர் போடும் ரிக் வண்டிக்காரர்களிடம் ஒரு விலைப்பட்டியல் இருக்கும். முதல் 300 அடி வரைக்கும் அடிக்கு இவ்வளவு என்று ஒரே ரேட். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறிக்கொண்டே போகும். 301ஆவது அடியைவிட 901ஆவது அடிக்குக் காசு அதிகம். கீழே போகப் போக டீசல் கூடும், ராடு கூடும், நேரம் இழுக்கும். காரணம் நியாயமானதுதான். ஆனால் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் காசைக் கொடுத்தாக வேண்டும். வண்டிக்காரர் ஓட்டைக்குத்தான் பில் போடுகிறார்.

நிலத்தடி நீர் என்றதும் நம்மில் நிறையப் பேருக்கு மனதில் வருவது ஒரு பெரிய தொட்டி. ஆளாளுக்கு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறார்கள், ஒருநாள் எல்லாருக்கும் சேர்த்துக் காலியாகிவிடும். செய்திகளும் அப்படித்தான் சொல்கின்றன: நீர்மட்டம் இத்தனை மீட்டர் சரிந்தது, அபாயம். கொங்குப் பகுதியில் நடப்பது கொஞ்சம் வேற மாதிரி. அங்கே தண்ணீர் எல்லாருக்கும் ஒரே நாளில் தீராது. ஒவ்வொரு ஆளாகத் தீரும். யாருக்கு முதலில் தீரும் என்பதை அந்த ரேட் கார்டை வைத்தே சொல்லிவிடலாம். இன்றைக்குப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் பாறையைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடினப் பாறை. காவிரி டெல்டா மாதிரி ஆழமான மணல் படுகை இங்கே கிடையாது. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சில பத்து அடிகளுக்கு உளுத்துப்போன பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. உளுத்த பாறையின் இடுக்குகளிலும், கெட்டிப் பாறையில் அங்கங்கே ஓடும் விரிசல்களிலும்தான் தண்ணீர் இருக்கிறது. ஒரு ஸ்பாஞ்சை நினைக்காதீங்க. கீறல் விழுந்த சிமென்ட் தரையை நினையுங்க.

இந்த உளுத்த பாறையிலிருந்து எடுக்கக்கூடிய தண்ணீர், அதன் கன அளவில் வெறும் 1 முதல் 3 சதவீதம். இரண்டு சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் நிலத்துக்கு அடியில் 20 மீட்டர் தடிமனுக்கு ஈரமான பாறை இருக்கிறது என்றால், அதிலிருந்து எடுக்கக்கூடியது மொத்தமே 40 சென்டிமீட்டர் தண்ணீர். ஆறு மாடிக் கட்டடம் உயரத்துக்குப் பாறை, அதில் முழங்காலுக்குக்கூட வராத தண்ணீர்.

சரி, மழை பெய்து அது நிரம்பாதா? நிரம்பும். கொங்குச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். கடினப் பாறைப் பகுதியில் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கும். அதாவது நல்ல வருஷத்தில் 7 சென்டிமீட்டர். இப்போ ஒரு ஏக்கர் தென்னந்தோப்புக்குத் தேவை எவ்வளவு என்று பாருங்க. ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீர்ப் பாசனத்தில், சிக்கனமாகவே விட்டாலும், மரத்துக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 55 லிட்டர். வருஷத்துக்கு 14 லட்சம் லிட்டர் வருகிறது. அந்த ஏக்கர் முழுக்கப் பரப்பினால் 35 சென்டிமீட்டர்.

இது நான் பேப்பரில் போட்ட தோராயக் கணக்கு. ஆனால் விஷயம் புரிந்திருக்கும். ஒரு ஏக்கர் தென்னையைக் காப்பாற்ற ஐந்து ஏக்கரில் பெய்த மழை வேண்டும். மீதி நாலு ஏக்கர் யாருடையது?

பழைய ஆட்கள் இந்தக் கணக்கைப் போட்டார்களோ இல்லையோ, அவர்களால் இதை மீற முடியவில்லை. மாடுதான் காரணம். கவலை இறைப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சில ஊர்களில் கமலை என்பார்கள். கிணற்று மேட்டில் ஒரு ஜோடி மாடு, தோல் பறி, வடக்கயிறு. மாடு சரிவில் இறங்கினால் பறி மேலே வரும். ஒரு ஜோடி மாடு நாள் முழுக்க இறைத்தால் அவ்வளவுதான், மறுநாள் அதற்கும் ஓய்வு வேண்டும். கொங்கு வழக்கில் கிணற்றுப் பாசனம் இருக்கும் நிலத்துக்குத் தோட்டம் என்று பேர். மழையை நம்பியிருக்கும் நிலத்துக்குக் காடு. 'எங்க தோட்டத்துக்கு வாங்க' என்று ஒருத்தர் சொன்னால் அங்கே ஒரு கிணறு இருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு வார்த்தைகளையும் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. அந்த மின்சாரம் கோவைக்கு இறங்கியதும் மில்கள் பெருகின, பின்னாலேயே கிணற்று மோட்டாரும் வந்தது. கோவைப் பட்டறைகள் மோட்டாரும் பம்ப்பும் செய்யக் கற்றுக்கொண்டன. இன்றைக்கு நாடு முழுக்க ஓடும் பம்ப்செட்டுகளில் கணிசமான பங்கு கோயம்புத்தூரில் செய்தவை. போர் போடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. ராஜஸ்தானில் போனாலும் நம்ம திருச்செங்கோட்டு வண்டியைப் பார்க்கலாம், ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கின்றன. தண்ணீர் குறைவான ஒரு ஊர், தண்ணீரை வெளியே எடுக்கும் தொழிலில் கெட்டிக்காரத்தனம் காட்டியது இயல்புதான். எனக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் முதலில் காலி செய்தது சொந்த ஊரின் கிணறுகளை.

கிணறு வற்றினால் முதலில் ஆழப்படுத்துவார்கள், வெடி வைத்துப் பாறையை உடைத்து இன்னொரு பத்து அடி, இருபது அடி. அதுவும் பத்தாவிட்டால் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் சைடு போர். அப்புறம் கிணற்றின் நடுவில் செங்குத்தாக ஒரு போர். கடைசியில் கிணற்றை விட்டுவிட்டு வெளியே 300 அடி, 600 அடி, 1,000 அடி. அன்னூர், அவினாசி, பல்லடம் பக்கம் ஆயிரம் அடி போர் என்றால் இப்போது யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை.

பல்லடம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். நாலு ஏக்கர். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி, பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தோப்புக்கு நடுவே தொண்ணூறு அடிக் கிணறு. எட்டிப் பார்த்தேன், அடியில் தண்ணீர் இருந்தது. "கிணத்துல தண்ணி இருக்குதே அய்யா" என்றேன், கொஞ்சம் சந்தோஷமாக. சிரித்தார். "அது கெணத்துத் தண்ணி இல்லீங்க தம்பி. போர்த் தண்ணிய உள்ள உட்டு வெச்சிருக்கறோம். கெணறு இப்பத் தொட்டிங்க."

போரில் தண்ணீர் தொடர்ந்து வருவதில்லை. மோட்டார் இருபது நிமிஷம் ஓடும், தண்ணீர் அந்துபோகும், மோட்டார் நிற்கும். ஒரு மணி நேரம் ஊற விட்டு மறுபடி ஓட்டுவார்கள். இதற்கென்றே டைமர் வைத்த ஸ்டார்ட்டர் இருக்கிறது. ஆறரை இன்ச் போர் ஆயிரம் அடிக்கும் முழுசாக நிரம்பி நின்றால்கூட அதில் இருப்பது சுமார் 6,500 லிட்டர், அபார்ட்மென்ட்டுக்கு வரும் பெரிய டேங்கர் லாரியில் பாதிதான். அப்படித் துண்டு துண்டாக வரும் தண்ணீரை அப்பா வெட்டிய கிணற்றில் சேர்த்து வைத்து, அங்கிருந்து சொட்டுநீர்க் குழாய்க்கு விடுகிறார்.

அவர் போட்டது மூன்று போர். முதல் போர் முந்நூறு அடி, பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. இரண்டாவது அறுநூற்றைம்பது அடி, வெறும் புழுதி. மூன்றாவது, 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அதற்கு அடுத்த கோடையில். அந்த வருஷம் மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. கொங்குப் பகுதியில் தென்னைகள் மட்டை தொங்கி, தலை சரிந்து மொட்டையாக நின்றன. ஒரு தென்னை பட்டுப்போனால் அடுத்த வருஷம் வேறு பயிர் வைப்பது மாதிரி இல்லை, புதுசாக நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதனால்தான் எந்த விலை கொடுத்தாவது போர் போட்டார்கள். இவர் மனைவியின் நகையை அடகு வைத்து 1,050 அடி இறக்கினார். முக்கால் இன்ச் தண்ணீர் கிடைத்தது. தண்ணீரை அங்கே இன்ச்சில்தான் சொல்வார்கள்.

இடம் பார்த்துக் கொடுத்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோப்பு முழுக்க நடந்தவர். தேங்காய் நட்டுக்கொண்டு எழுந்து நின்ற இடத்தில் போர். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சிரிக்கவும் தோன்றவில்லை. விரிசல் பத்தடி தள்ளி ஓடினால்கூட லட்ச ரூபாய் புழுதியாகப் பறந்துவிடும். அந்த நேரத்தில் 'இங்க போடுங்க' என்று கையைக் காட்ட யாராவது ஒருத்தர் வேண்டியிருக்கிறது.

அதற்கடுத்து நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். பக்கத்துத் தோட்டத்தைப் பதினைந்து ஏக்கராக ஒருத்தர் வாங்கினார். விவசாயம் அவருக்கு முக்கியத் தொழில் இல்லை. நாலு போர் போட்டார், இரண்டில் தண்ணீர், 1,300 அடி. சில மாதங்களில் இவருடைய முக்கால் இன்ச் அரை இன்ச் ஆனது. சண்டை போட்டீர்களா என்று கேட்டேன். "அவுங்க நெலத்துல அவுங்க போடறாங்க. நாம என்னங்க தம்பி சொல்றது?" கோபம்கூட இல்லை குரலில்.

ஆயிரத்து முந்நூறு அடி போர் ஆயிரத்து முந்நூறு அடியில் இருக்கும் தண்ணீரை எடுக்கிறது என்றுதான் நானும் நீங்களும் நினைப்போம். கடினப் பாறையில் ஆழம் போகப் போக விரிசல்கள் குறையும், மேலே இருக்கும் எடையில் இறுகிப்போகும். அங்கே புதுசாக ஒரு ஏரி காத்துக்கொண்டிருக்கவில்லை. கேசிங் பைப் இறக்குவது மேலே மண் சரியாமல் இருக்கும் ஆழம் வரைக்கும்தான். அதற்குக் கீழே போர் என்பது பாறையில் திறந்து கிடக்கும் ஓட்டை. மேலே 200 அடியிலும் 400 அடியிலும் இருக்கும் விரிசல்களின் தண்ணீர் அந்த ஓட்டைக்குள் வழிந்து இறங்கும். அதே விரிசல்தான் பக்கத்துத் தோட்டத்துப் போருக்கும் ஊறல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆழமான போர் பெரும்பாலும் செய்வது, பொதுவில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரை மற்றவர்களுக்கு எட்டாத ஆழத்துக்கு இறக்கிக்கொள்வது.

இதைப் பொருளாதார ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த எஸ். ஜனகராஜன் தமிழ்நாட்டு ஆற்றுப் படுகைகளில் கிணறு கிணறாகப் போய் எழுதியது இந்தப் போட்டியைப் பற்றித்தான். ஒருத்தர் ஆழப்படுத்தினால் அடுத்தவரும் ஆழப்படுத்தியாக வேண்டும். முடியாதவர் விலக வேண்டும். விலகியவருக்குக் கடன் மிஞ்சும்.

அரசின் கணக்கில் இது தெரியாது. 2020இல் நிலத்தடி நீரை ஃபிர்கா வாரியாக, அதாவது குறுவட்டம் வாரியாக மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 ஃபிர்காக்களில் 435 அதிநுகர்வுப் பகுதிகள், ஊறுவதைவிட அதிகம் எடுப்பவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இது தேவையான கணக்குதான். ஆனால் ஒரு ஃபிர்காவுக்குள் நாலு போர் வைத்தவரும் வறண்ட கிணறு வைத்தவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

நகரத்தில் இந்தப் பேச்சு வந்தால் உடனே ஒரு பதில் தயாராக இருக்கும்: இலவச மின்சாரத்தை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும். இதற்கு ஒரு வரலாறு இருக்கு, சுருக்கமாகச் சொல்றேன். 1970இல் பம்ப்செட் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் கோவை நகரத்து ரோடுகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1990-91இல் கருணாநிதி ஆட்சி எல்லா விவசாயிகளுக்கும் கொடுத்தது. இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட் இணைப்புகள்.

இலவச மின்சாரம் தண்ணீரைக் கணக்கில்லாமல் எடுக்க விட்டது என்பது உண்மை. 1,300 அடியிலிருந்து தண்ணீரைத் தூக்க ஆகும் மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு வந்தால் அந்தப் போரில் பாதி ஓடாது. ஆனால் பல்லடத்துக்காரருக்குப் பாரம் கரண்ட் பில் இல்லை. ஓட்டை, கேசிங், மோட்டார், கேபிள், அடகு வட்டி. இவை எதுவும் இலவசமாக வரவில்லை. நாளைக்கே மீட்டர் வைத்தால் முதலில் விவசாயத்தை விடப்போவது இவர், பதினைந்து ஏக்கர்காரர் இல்லை. எத்தனை போர், எவ்வளவு ஆழம், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியைத் தொடாமல் மின்சாரத்தை மட்டும் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தக் கேள்வியைச் சட்டம் தொட்டிருக்கிறதா? நம்மிடம் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின் யோசனை. உன் நிலத்துக்கு அடியில் தெளிவான ஓடையாக ஓடாமல் கசிந்து கிடக்கும் தண்ணீரை நீ எடுத்துக்கொள்ளலாம். மாடு இறைத்த காலத்தில் எழுதியது. அப்போது அது யாரையும் கெடுத்திருக்காது. 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைக்கு என்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வராமல் பத்து வருஷம் கிடந்தது. 2013இல் ரத்து செய்துவிட்டார்கள்.

மகாராஷ்டிரத்தில், முன்பு அகமதுநகர் என்று பேர் இருந்த அகில்யாநகர் மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்று ஒரு கிராமம். அங்கேயும் கடினப் பாறைதான், மழை கொங்கைவிடக் குறைவு. போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில் மழைநீர்ச் சேகரிப்பு வேலைகள் நடந்தன. அந்தப் பாதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். மறுபாதி, ஊர் கூடிப் போட்ட கட்டுப்பாடு. பாசனத்துக்குப் போர் போடக் கூடாது. கரும்பு, வாழை வைக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் கிணறுகளை அளந்து, குடிநீருக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு பட்ஜெட் போடுவார்கள். தண்ணீர் குறைவான வருஷம் என்றால் என்ன பயிர் வைக்கலாம் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வார்கள். சின்ன ஊர், ஒரே தலைமை. இதை அப்படியே பல்லடத்தில் ஒட்ட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் என் நிலத்தோடு முடிவதில்லை என்று ஒரு ஊரே ஒத்துக்கொண்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

கொங்குப் பகுதிக்கு இப்போது ஒரு புது வாய்ப்பு வந்திருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரை, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, மூன்று மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகிறார்கள். வருஷத்துக்கு 1.5 டிஎம்சி. பயன்பெறும் பரப்பு 24,468 ஏக்கர். அந்தப் பரப்பில் இந்தத் தண்ணீரைப் பரப்பிப் பார்த்தேன், 43 சென்டிமீட்டர். ஒரு பங்கு ஆவியாகத்தான் போகும், உபரி இல்லாத வருஷத்தில் இவ்வளவு வராது. ஆனாலும் மழை கொடுக்கும் 7 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம்.

குளம் நிரம்பினால் கீழே இறங்கும் தண்ணீர் யாருடையது என்று எங்கேயும் எழுதியில்லை. அரசு செலவில் மேட்டுக்கு ஏறி, குளத்தில் நின்று, பாறை இடுக்கில் இறங்கிய அந்த நொடியிலிருந்து அது யார் போரில் விழுகிறதோ அவருடையது. குளத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கும் ஆழமாகப் போட வசதி இருப்பவருக்கும் முதல் பங்கு. இப்போதே, குளங்கள் நிரம்ப ஆரம்பித்திருக்கும் இந்த வருஷங்களிலேயே, ஒவ்வொரு குளத்தைச் சுற்றியும் எத்தனை போர், என்ன ஆழம் என்று ஊர்க்காரர்களே எழுதி வைக்க ஆரம்பித்தால் நல்லது. இருக்கும் போர்களைக் காப்பாற்றிக்கொண்டு புதுப் போரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கிராம சபையில் கேட்கலாம். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் சில பேருக்கு அங்கே தாத்தா தோட்டம் இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை இளநீர் குடிக்கப் போவீர்கள். அடுத்த தடவை போகும்போது போர் எத்தனை அடி, எத்தனை போர் ஃபெயிலானது, பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்க. எங்களுக்கும் எழுதி அனுப்புங்க.

பல்லடத்துக்காரரிடம் கிளம்பும்போது அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், திரும்பி வரமாட்டான் என்றார். நாலாவது போர் போடப்போவதில்லை. இரண்டு ஏக்கர் தென்னையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி இரண்டு ஏக்கரில் இருக்கும் மரங்களை வெட்டிவிட்டு மழைக்குச் சோளம் விதைக்கலாம் என்று இருக்கிறார். "மறுபடி காடாவே போட்டுர்றேனுங்க" என்றார்.

அடுத்த வாரம் திருப்பூர் சாயப்பட்டறைகளும் நொய்யலும்.